வாக்கும் சங்கமும் பத்திரிகையும்

ஜனநாயகம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது வாக்குச் சாவடியே. அவ்வகையில் நமது தருமபுரி பின்தங்கியதன்று. 2024-ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தலில், தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுள் மிகுதியான வாக்குப் பதிவு தருமபுரித் தொகுதியிலேயே நிகழ்ந்தது. நூற்றுக்கு 81 பேருக்கு மேல் வாக்களித்தனர். ஆயினும் ஐந்தாண்டுகளுக்கு ஒருநாள் விரலில் மையிட்டுக் கொள்வதோடு பிரஜையின் கடமை முடிந்து விடுமோ? இரு தேர்தல்களுக்கு இடைப்பட்ட காலத்தில் எளியார்க்கு ஓர் இன்னல் நேரின், அவர் குரல் அரசாங்கத்தின் செவிக்கு எட்டுவது எங்ஙனம்? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1831-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டிற்குச் சென்று சுற்றிப் பார்த்த பிரெஞ்சு அறிஞர் அலெக்ஸி டி டோக்வில், அந்நாட்டின் ஜனநாயகத்தைப் பற்றி 1835, 1840-ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக ஒரு நூல் வெளியிட்டார். எக்காரியத்திற்கும் மக்கள் சங்கம் கூட்டுவதை அவர் அங்கே கண்டு வியந்தார். சிதறி வாழ்வோரைப் பத்திரிகை ஒன்று சேர்க்கிறது. ஒன்று சேர்ந்தோர் பத்திரிகையைத் தாங்குகின்றனர் என்பது அவர் கண்ட உண்மை. பேச்சு, பத்திரிகை, கூட்டம், அரசாங்கத்திற்கு விண்ணப்பம் ஆகிய உரிமைகளை அந்நாட்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் 1791-லேயே காத்து வைத்தது. ஆயினும் ஒரு குறையும் உண்டு. செல்வம் மிக்க சங்கங்கள், காங்கிரஸ் சபை உறுப்பினரை அணுகி வாதிடுவதையே தொழிலாகக் கொண்டோரை வாஷிங்டன் நகரில் ஊதியம் கொடுத்து வைத்திருக்கின்றன. சங்கம் இல்லாத ஏழையோ வாயிலில் நிற்கிறான்.

நிற்க. இவ்வுண்மையை அறிய நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. அரூர்ப் பகுதியில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்னும் சிற்றூர் உளது. அங்கு வாழ்வோரிற் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். 1992-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 20-ஆம் நாள், சந்தன மரம் பதுக்கப்பட்டிருக்கிறதெனக் கூறி, வனம், போலீஸ், வருவாய் ஆகிய மூன்று துறைச் சிப்பந்திகள் அவ்வூரிற் புகுந்தனர். மக்கள் அடியுண்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, பெண்கள் 18 பேர் பலாத்காரத்திற்கு ஆளாயினர், பெண்டிரும் பிள்ளைகளும் உட்படப் பலர் சிறையிடப்பட்டனர். அவ்வூராரும் வாக்குரிமை பெற்றவரே. எனினும் அன்று அவ்வுரிமை அவர்களைக் காக்கவில்லை. நடந்ததை அரசாங்கத் தரப்பாரும் மறுத்தனர்.

அவர்கள் குரலை வெளியே கொணர்ந்தது தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும், அதனோடு நின்ற மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியுமாம். அக்கட்சியின் தலைவர்களுள் ஒருவரான திரு. ஏ. நல்லசிவன் வழக்குத் தொடுத்தார். பத்திரிகைகள் செய்தியை நாடறியச் செய்தன. 1995-ல் சென்னை உயர்நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்புவித்தது. குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். தருமபுரி செஷன்ஸ் நீதிமன்றம் தீர்ப்புக் கூறிய 2011 செப்டம்பர் 29-க்குள் அவருள் 54 பேர் இறந்துபட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். 2023-ல் அதே செப்டம்பர் 29-ஆம் நாள் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்து, கொடுமைக்கு ஆளான பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் அளிக்க ஆணையிட்டது. சம்பவத்திற்கும் இத்தீர்ப்பிற்கும் இடையே கழிந்தவை 31 ஆண்டுகள்!

இதனின்று நாம் அறிவது யாது? பத்திரிகை ஒரு செய்தியை ஊரறியச் செய்யும். ஆனால் மறுநாள் வேறு செய்தி வந்துவிடும். நீதிமன்றம் நீதி வழங்கும். ஆனால் மனுக் கொடுப்பாரும் சாட்சி சொல்வாரும் வந்து நின்றால்தான் வழங்கும். இவ்விரண்டிற்கும் இடையே, ஆண்டுதோறும் சலியாது விடயத்தை உயிரோடு வைத்திருப்பது சங்கமே. சங்கம் கூட்டும் உரிமையை நமது அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு நமக்கு அளித்திருக்கிறது.

இன்றோ செய்திக்காக விடியும்வரை காத்திருப்பாரில்லை. கைபேசி இருக்குமாயின், மலையூரில் நேர்ந்ததை ஒரு நாழிகைக்குள் இணையத்தின் வழியே உலகறியச் செய்யலாம். இது பெரும் பேறே. ஆனால் காலையில் எழுந்த ஆரவாரம் மாலையில் அடங்குவதும், மெய்யோடு பொய்யும் கைகோத்து ஓடுவதும் நாம் தினமும் காண்பன. அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டிலிருந்து மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்ட பத்திரிகைகள் மறைந்துவிட்டன. உள்ளூர்ப் பத்திரிகை மறைந்தவிடத்து, நகரசபையிற் சென்றமர்ந்து, நடப்பதை எழுதி வைப்பார் இலர். சங்கமும் தன் பக்கத்தையே பேசும் இயல்பினது. ஆதலின் அது கூறுவதைச் சோதித்து எழுதும் நிருபரும், எழுதியதைச் சோதித்துப் படிக்கும் வாசகரும் வேண்டும்.

மாணவ நண்பர்களே, ஒரு செய்தியைப் பிறர்க்கு அனுப்பியதும் நம் பங்கு தீர்ந்ததென எண்ணற்க. அனுப்புமுன் அது மெய்யோ என வினவுவோம். மெய்யாயின் அடுத்து யாது செய்யற்பாலது எனவும் வினவுவோம். குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி முதலிய நாட்களில் நம் ஊரிற் கூடும் கிராம சபையிற் சென்று அமர்வோம். எழுத அறியாதார்க்கு மனு எழுதிக் கொடுப்போம். வாச்சாத்தி மக்கள் 31 ஆண்டுகள் காத்திருந்தனர். இனியொரு சிற்றூர் அத்துணைக் காலம் காத்திராதிருக்க நாம் செய்யக்கூடியவை இவை.