பாடம் கேட்ட பெரும்புலவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், திருச்சிராப்பள்ளி வீதிகளில் பிச்சையேற்று உண்ட பரதேசி ஒருவர் இருந்தார். அணியிலக்கண நூலாகிய தண்டியலங்காரத்தில் அவர் வல்லவர். ஆயினும் எளிதில் எவருக்கும் கற்பிக்கமாட்டார். இளைஞர் ஒருவர் அவர் பின்னே வீதிவீதியாகச் சென்றார். வேண்டிய பணிவிடைகளைச் செய்தார். அவர் மனம் இளகிய வேளைகளில் வினவி அந்நூலைக் கற்றார். அவ்விளைஞரே பின்னாளில் மகாவித்துவான் எனப் போற்றப்பெற்ற திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876).

அக்காலத்தில் நூலைப் ‘படித்தேன்’ என்பதைவிடப் ‘பாடம் கேட்டேன்’ என்று கூறுவதே புலவர் வழக்கு. அச்சு நூல்கள் அரியவை. ஏட்டுச்சுவடி வைத்திருப்போர் அதனை எளிதில் தாரார். சுவடி கிடைத்தாலும் பொருள் கூறுவோர் வேண்டும். ஆகவே, கற்க விரும்பியவர் நடக்கவும் காத்திருக்கவும் வேண்டியிருந்தது. யாரிடம் கேட்பது என்பதில் கௌரவம் பார்த்தவருக்குக் கல்வி பாதியிலேயே நின்றுவிடும்.

இளமையிலேயே தந்தையை இழந்த பிள்ளையவர்கள், சோமரசம்பேட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு வந்து தங்கினார். உறையூர் முத்துவீர வாத்தியார் முதலிய புலவர் பலரிடம் பழகிக் கற்றார். புலவர் எனப் பெயர் பெற்ற பின்னரும் அவர் மாணவராகவே இருந்தார் என்பதே நாம் கருதத்தக்கது. சென்னை சென்று காஞ்சிபுரம் சபாபதி முதலியார், திருத்தணிகை விசாகப்பெருமாளையர் போன்றோரை அடுத்துத் தம் ஐயங்களைப் போக்கிக்கொண்டார். திருவாவடுதுறை ஆதீனத் தொடர்பால் கீழ்வேளூர்ச் சுப்பிரமணிய தேசிகரிடம் இலக்கணம் பயின்றார். கவிபாடும் ஆற்றல் வாய்த்தவர் இலக்கணத்திற்காக மீண்டும் ஒருவர்முன் அமர்வது எளிய செயலன்று.

ஆசிரியர் உரைப்பதைக் கேட்பதனால் கால் பங்கும், உடன் பயில்வோரோடு பழகுவதனால் கால் பங்கும், பிறருக்குக் கற்பிப்பதனால் எஞ்சிய அரைப் பங்கும் புலமை நிரம்பும் என்பது நன்னூல் கருத்து. அந்த அரைப் பங்கைப் பிள்ளையவர்கள் வாழ்நாள் முழுவதும் ஈட்டினார். சைவ மரபில் ஊறிய அவரிடம், நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் கிறித்தவரான சவேரிநாத பிள்ளையும் பாடம் கேட்டனர். வறுமை அவரை விட்டு நீங்கியதில்லை, கற்பித்தலும் நின்றதில்லை. அவர் வாய்மொழியாகச் செய்யுள் இயற்றிக்கொண்டே செல்ல, மாணவர் ஏட்டில் எழுதுவர். தலபுராணங்களும் பிள்ளைத்தமிழ் நூல்களும் அவ்வாறே பெருகின. இறுதி வேளையிலும் திருவாசகத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அன்று படித்தவர் உ.வே. சாமிநாதையர்.

சாமிநாதையர் 1871இல் மயிலாடுதுறையில் அவரிடம் சேர்ந்தபோது வயது 16. ஆசிரியர் மறைந்து நான்காண்டுகளுக்குப் பின் கும்பகோணம் கல்லூரியில் பணியேற்றார். அங்கே, சேலம் இராமசாமி முதலியார் ‘சீவகசிந்தாமணி படித்ததுண்டா?’ என வினவ, இல்லை என்றே விடைகூற நேர்ந்தது. கல்லூரி ஆசிரியராக இருந்தும், அக்காப்பியத்தின் பொருளை அறிய அவ்வூர்ச் சமணர் இல்லங்களைத் தேடிச் சென்று கேட்டார். 1887இல் அதனைப் பதிப்பித்தார். தம் ஆசிரியரின் வரலாற்றை இரு பாகங்களாக 1933, 1934ஆம் ஆண்டுகளில் வெளியிட்டபோது அவருக்கு வயது எழுபத்தெட்டைக் கடந்திருந்தது. அதன்பின் 1940இல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். 1942இல் அவர் மறைந்தபோது ‘என் சரித்திரம்’ முற்றுப்பெறாமல் நின்றது.