நின்ற பின்னும் ஆறாத உலை

விறகை இழுத்துவிட்டாலும் அடுப்பின் தணல் நெடுநேரம் சுடுகிறதல்லவா? அணு உலையும் அப்படித்தான்.

2011 மார்ச் 11இல் யப்பானில் நிலம் அதிர்ந்ததும், புக்குஷிமா டாயிச்சி நிலையத்தில் இயங்கிய மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. ஆனால் நின்ற கணத்திலும் முழு வெப்பத்தில் ஏறத்தாழ 7 வீதம் எரிபொருளிலிருந்து வந்துகொண்டே இருக்கும். பின்னர் மெல்ல மெல்லத்தான் குறையும். அதை ஆற்ற நீர் ஓடவேண்டும்; நீரை ஓட்ட மின்சாரம் வேண்டும். நிலநடுக்கம் வெளி மின்சாரத்தை அறுத்தது. சுனாமி மின்பிறப்பாக்கிகளை மூழ்கடித்தது. எரிபொருள் உருகியது.

தீயணைப்பு வண்டிகளால் கடல்நீரையே பாய்ச்சினார்கள். பின்னர் நன்னீருக்கு மாறினார்கள். உலைகள் 100 பாகை செல்சியசுக்குக் கீழே ஆறி நிலைபெற்றன என அரசு அறிவித்தது டிசெம்பரில்தான். உருகியதில் பெரும்பகுதி இன்னும் உள்ளேயே கிடப்பதால் இன்றும் நீர் பாய்கிறது. கதிரியக்கம் கலந்த அந்த நீரையும் சுத்திகரிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே ஓர் உலை எவ்வளவு மின்சாரம் தரும் என்று மட்டுமன்றி, நின்றபின் எத்தனை காலம் காவல் வேண்டும் என்றும் நாம் கேட்போம்.