குழலும் குறியும்

வாய்வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளில் இருவகை உண்டு. உட்குழல் வழுவழுப்பானதில் குண்டு தளர்வாக இறங்கும். விரைந்து கெட்டிக்கலாம், ஆயின் 100 யாருக்கு அப்பால் குறி நம்பத்தக்கதன்று. சுருள் வரிப்பள்ளம் வெட்டிய குழலோ குண்டைச் சுழற்றி நேரே செலுத்தும். இறுகிய குண்டை உள்ளே தள்ளுவதுதான் பெரும்பாடு. 1849இல் மினியே என்னும் பிரெஞ்சு அதிகாரி அமைத்த, அடிப்புறம் குடைந்த ஈயக்குண்டு இத்தொல்லையை நீக்கியது. எளிதில் இறங்கி, மருந்து வெடிக்கையில் விரிந்து, பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும்.

கருவி திருந்தியபின் சுடுவோன் திறமை எதற்கு என்று தோன்றலாம். உண்மை நேர்மாறானது. நெடுந்தூரம் செல்லும் அக்குண்டு வில்லென வளைந்தே சென்றது. தூரத்தைப் பிழையாக மதித்தால் பகைவன் தலைக்கு மேலாகப் பறந்துவிடும். ஆதலின் பிரித்தானியப் படையினர் 1853இல் ஹைத் நகரிற் பள்ளி நிறுவித் தூரம் மதிக்கவும் கற்பித்தனர். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிலோ பலர் இலக்குப் பயிற்சி ஏறத்தாழ இன்றியே களம் புகுந்தனர். அவர்கள் கையில் அப்புதிய துப்பாக்கி பெரும்பாலும் கிட்டத்துக் கருவியாகவே நின்றது.