செக் பயணம் செய்த எட்டு நாட்கள்



கடந்த வாரம் எங்கள் ஊரின் இளம் வியாபாரி ஒருவர் என் புடவைக் கடைக்கு வந்தார். "காக்கா, கியூஆர் மட்டை வைக்கச் சொல்லி வங்கியால சொல்றாங்க. வைக்கலாமா, வேணாமா?" என்று கேட்டார். "வைக்கலாம் தம்பி. அதுக்கு முதல் என்ட செக் கதையக் கேளுங்க" என்றேன். அவருக்குச் சொன்னதையே இந்த வாரம் உங்களுக்கும் எழுதுகிறேன்.

மர்ஹூம் வாப்பா கடை நடத்திய காலத்தில், கொழும்பு புறக்கோட்டைக்குச் சாமான் எடுக்கப் போவதென்றால் காசை இடுப்பு வாரில் கட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். அது யுத்த காலம். வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். அந்தப் பயத்தைப் போக்கியது செக் புத்தகம்தான். மொத்த வியாபாரியிடம் திகதி போட்ட செக்கைக் கொடுத்துவிட்டு, பொதிகளை லொறியில் ஏற்றிவிட்டு, நிம்மதியாக ஊர் திரும்பலாம்.

செக்கினால் இன்னொரு நன்மையும் இருந்தது. அதை நாம் வெளியில் சொல்வதில்லை. புறக்கோட்டை முதலாளி செக்கைத் தனது வங்கியில் போட்டால், அந்தக் கடதாசி கொழும்பிலிருந்து சம்மாந்துறைக் கிளைக்கு வந்து சேர வேண்டும். இங்குள்ளவர்கள் கையொப்பத்தையும் கணக்கு மீதியையும் பார்த்த பின்னர்தான் பணம் கழியும். என் அனுபவத்தில் அதற்கு ஏழெட்டு நாட்கள் எடுத்தன. ஆகவே செக்கில் பத்தாம் திகதி என்று எழுதினாலும், பணம் தேவைப்படுவது பதினெட்டாம் திகதிதான்.

நமது பகுதி வியாபாரம் வெள்ளாமையை நம்பியது. சிறுபோகமோ பெரும்போகமோ, நெல் விற்ற கையோடுதான் விவசாயி கடன் கொப்பியில் உள்ளதைத் தீர்ப்பார். அது ஒரு வாரம் முந்தும் அல்லது பிந்தும். அந்த ஒரு வாரத்தைத் தாங்கியது செக்கின் பயணம்தான். நாம் அதை நமது கெட்டித்தனம் என்று நினைத்திருந்தோம்.

2006இல் நடந்தது

2006 மே 11ஆம் திகதி இலங்கையில் செக்கின் படத்தை அனுப்பித் தீர்வு செய்யும் முறை ஆரம்பமானது. 2005ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் கொடுப்பனவு மற்றும் தீர்ப்பனவு முறைமைகள் சட்டம் அதற்கு வழி செய்தது. நடத்தியது லங்காகிளியர் நிறுவனம். இன்று அதன் பெயர் லங்காபே. இந்தியாவில் இம்முறை 2008இல்தான் டில்லியில் தொடங்கியது.

விடயம் எளிமையானது. செக்கைப் போட்ட வங்கியிலேயே கடதாசி நின்றுவிடும். அதன் படமும் விபரங்களும் மட்டும் கணினி மூலம் போகும். கொழும்பில் போட்டாலும் சம்மாந்துறையில் போட்டாலும் அடுத்த வேலை நாளில் முடிவு தெரிந்துவிடும்.

பத்திரிகையில் இந்தச் செய்தியை நானும் வாசித்தேன். ஆனால் என் கணக்கை மாற்றவில்லை. அந்த வருடம் பெருநாள் வியாபாரத்துக்குப் புடவை எடுத்து, நோன்பின் முதல் வாரத் திகதியில் செக் கொடுத்தேன். வழமைபோல எட்டு நாள் கையில் இருக்கிறது என்ற நினைப்பு. செக் மறுநாளே திரும்பிவிட்டது. புறக்கோட்டை ஹாஜியார் தொலைபேசியில் ஏசவில்லை. "தம்பி, உங்கட வாப்பாட செக் ஒரு நாளும் திரும்பினதில்ல" என்று மட்டும் சொன்னார். மீதிப் பொதிகள் பெருநாளைக்கு வந்து சேரவில்லை. அந்தப் பெருநாளுக்கு என் கடையின் அரைவாசித் தட்டுகள் வெறுமையாகவே கிடந்தன.

பின்னர் யோசித்துப் பார்த்தேன். வாப்பாவின் செக்குகளையும் பல தடவை அந்த எட்டு நாட்கள்தான் காப்பாற்றியிருக்கின்றன. வாப்பா நாணயமானவர். நானும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் நான் செலவழித்துக்கொண்டிருந்தது இன்னும் என் கைக்கு வராத பணம்.

இடைவெளி சுருங்கிய வரலாறு

அதன் பின் வந்த ஒவ்வொரு வசதியும் விற்பனைக்கும் பணத்துக்கும் இடையிலான நாட்களை இன்னும் குறைத்தது. பெருந்தொகைகளை வங்கிகளுக்கிடையே உடனுக்குடன் தீர்க்கும் முறை 2003இலேயே வந்திருந்தது. 2015இல் வந்த பொது மின்னணு நிதிப் பரிமாற்ற ஆளி மூலம், வெள்ளிக்கிழமை இரவிலும் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் உடனே போகிறது. 2018இல் மத்திய வங்கி லங்காகியூஆர் என்ற பொதுத் தரத்தைக் கொண்டு வந்தது. ஒரே மட்டையில் பல வங்கிகளின் செயலிகளாலும் பணம் செலுத்தலாம். 2024 பெப்ரவரி முதல் இந்தியாவின் யூபிஐ செயலியுடன் வரும் பயணியும் அதே மட்டையில் செலுத்த வழி திறந்தது.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, வங்கியிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை வீதம் கழிப்பீர்கள்? பணம் எப்போது என் கணக்கில் விழும்? வந்ததை எனக்கு எப்படி அறிவிப்பீர்கள்?

இரண்டாவது, வாடிக்கையாளர் காட்டும் தொலைபேசித் திரையை நம்பிச் சாமானைக் கொடுக்க வேண்டாம். அந்தப் படத்தைப் போலியாகவும் செய்யலாம். உங்கள் சொந்தத் தொலைபேசிக்கு வரும் அறிவித்தலையோ கணக்கையோ பாருங்கள்.

மூன்றாவது, கார்ட் மெஷினில் வங்கி கழிக்கும் இரண்டரை, மூன்று வீதத்தை வாடிக்கையாளரின் பில்லில் ஏற்றுபவர்கள் நம்மில் உள்ளனர். இது கூடாது என்று மத்திய வங்கி பகிரங்கமாக அறிவித்திருக்கிறது. வங்கியுடன் நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கும் அது மாறானது. மின்சாரக் கட்டணம் போல அதையும் கடைச் செலவில் சேருங்கள்.

நான்காவது, செக் எழுதும்போது அதிலுள்ள திகதியை உண்மையான திகதியாக நினையுங்கள். கணக்கில் பணம் இல்லை என்று தெரிந்தே செக் கொடுப்பது, 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

விவசாயிக்குக் கடன் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அதை நிறுத்தினால் நமதூரில் வியாபாரமே இல்லை. அவருக்குக் கொடுக்கும் தவணையை மொத்த வியாபாரியிடம் வாய்திறந்து கேட்டு வாங்குங்கள். அறுவடைக்குப் பின் இரண்டு வாரம் கழித்துத் திகதி போடுங்கள். 2006க்குப் பின் நான் அப்படித்தான் செய்கிறேன். அந்த ஹாஜியார் காலமாகும் வரை எனக்குச் சாமான் தந்தார். என் செக் பிறகு திரும்பவில்லை.

முன்பு தபாலும் லொறியும் நமக்குத் தவணை தந்தன. இப்போது அதை நாமே கேட்டுப் பெற வேண்டும். இளம் வியாபாரியிடம் கடைசியாகச் சொன்னதும் இதுதான். கியூஆர் மட்டையைத் தாராளமாக வையுங்கள். ஆனால் மட்டையில் காசு உடனே வருவது போல, நீங்கள் கொடுக்க வேண்டியதும் உடனே போகும் காலம் இது. இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.