சளி என்னும் காவலன்

ஜவ்வாது மலையில் சாமை அறுவடை முடிந்ததும், களங்களில் கதிரடித்துத் தூற்றும் வேலை மும்முரமாக நடைபெறும். அப்பொழுது எழும் தூசும் உமித் துகளும் வேலை செய்வோரின் மூக்கினுள் புகுகின்றன. மாலையில் மூக்கைச் சிந்தினால் சளி அழுக்கு நிறமாக வருகிறது. அதனைக் கண்டு அருவருப்புக் கொள்வோர் பலர். உண்மையில், நுரையீரலுக்குச் செல்லவிருந்த அழுக்கு வழியிலேயே தடுக்கப்பட்டது என்பதற்கு அதுவே சான்றாகும்.

சளி என்பது யாது? மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல், இரைப்பை, குடல் ஆகியவற்றின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வில் ஊறும் வழுவழுப்பான பொருளே சளியாகும். அதில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு தண்ணீர். எஞ்சிய பகுதியில் உப்புக்களும், கிருமிகளை எதிர்க்கும் பொருள்களும், மியூசின் என்னும் புரதமும் உள்ளன. இப்புரதம் தண்ணீரைப் பற்றி நிறுத்துவதால்தான் சளி கெட்டியாகவும் வழுக்கலாகவும் இருக்கிறது.

நெசவாளர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். பருத்திப் பாவுக்குக் கஞ்சி போடாமல் தறியில் ஏற்றினால் நூல் உராய்ந்து அறும். அவ்வாறே, சளிப் பூச்சு இல்லையேல் உடலின் உட்சவ்வுகள் உலர்ந்து புண்படும். இரைப்பையில் சுரக்கும் கடும் அமிலம் இரைப்பையையே அரிக்காமல் காப்பதும் இப்பூச்சே.

மூச்சுக்குழலில் சளிக்கு மற்றொரு பணி உண்டு. அங்கே கண்ணுக்குப் புலப்படாத நுண்மயிர்கள், காற்றில் சாயும் பயிரைப்போல, விநாடிக்குப் பத்து முறைக்கும் மேலாக அசைகின்றன. தூசும் கிருமியும் ஒட்டிய சளியை அவை தொண்டைக்குத் தள்ளிவிடுகின்றன. நாம் அறியாமலே அதனை விழுங்குகிறோம். கிருமிகளிற் பெரும்பாலானவை இரைப்பை அமிலத்தில் மடிகின்றன. அலெக்சாந்தர் பிளெமிங் என்னும் அறிஞர், மூக்குச் சளியில் சில கிருமிகளைக் கரைக்கும் பொருள் இருப்பதைக் கண்டு 1922-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பென்சிலினைக் கண்டறிந்தவரும் இவரே.

பிற உயிர்களும் இதனால் வாழ்கின்றன. மண்புழு தன் தோலின் வழியே சுவாசிக்கிறது; தோலை ஈரமாக வைத்திருப்பது அதன் உடற்கசிவே. மீனின் வழுக்கலும் அதன் மேனியைக் கிருமிகளிடமிருந்து காக்கும் கவசமாகும்.

ஆயினும் காவலனின் வலிமைக்கும் எல்லை உண்டு. பீடிப் புகை நுண்மயிர்களைச் செயலற்றவை ஆக்குகிறது. விறகடுப்புப் புகையும் மூச்சுக்குழலை உறுத்திச் சளியை மிகுவிக்கிறது. பஞ்சுத் தூசியில் பல ஆண்டுகள் உழைப்போருக்கு, வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் மார்பு இறுகும் நோய் வருவதுண்டு. ஆகவே சுமையைக் குறைப்பது நம் கடமை. தூற்றும்பொழுது காற்று வரும் பக்கம் நிற்க வேண்டும். மூக்கையும் வாயையும் மடித்த துணியால் மூடிக்கொள்ள வேண்டும். சமையலறையில் புகை வெளியேற வழி அமைக்க வேண்டும். கண்ட இடத்தில் துப்புதல் ஆகாது.

இறுதியாக ஒன்று. சளி காவலன் மட்டுமன்று, தூதனும் ஆகும். இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், சளியில் இரத்தம் கண்டாலும் காசநோயோ என்று பரிசோதித்தல் அவசியம். அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன. மருந்தை முறையாக, பெரும்பாலும் ஆறு மாதங்கள், இடைவிடாது உட்கொண்டால் நோய் குணமாகும். ஒரு நாள் கூலி போகுமே, மலையிலிருந்து இறங்க வேண்டுமே என்று ஒத்திப்போடத் தோன்றும். ஒத்திப்போடும் ஒவ்வொரு வாரமும் அதே வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு ஆபத்தாகும். அண்டை வீட்டில் நெடுநாள் இருமுபவர் இருப்பின், அவரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதும் அங்கத்தினர் ஒவ்வொருவரின் கடமையேயாம்.