கோடையில் பிளக்கும் சுவர், மழையில் மூடிக்கொள்வது ஏன்? - கரிசல் மண் வீடுகளுக்கு ஒரு கைடு!

சித்திரை, வைகாசியில் திறக்கும் விரிசல், கார்த்திகை மழையில் தானாகவே மூடிக்கொள்ளும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதன்மேல் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவோம். அடுத்த கோடையில் அதே இடத்தில் சுவர் மறுபடியும் பிளக்கும். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களுக்கு இது பழகிப்போன கதை.

`சிமென்ட் சரியில்லை', `கொத்தனார் ஏமாத்திட்டார்' என்றுதான் முதலில் பேச்சு கிளம்பும். சில வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், பருவத்துக்குப் பருவம் திறந்து மூடும் விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் கடைக்காலுக்குக் கீழே இருக்கிறது. அங்கிருக்கும் மண்ணில் ஈரம் ஏறி இறங்குவதுதான் சுவரை ஆட்டுகிறது. அதைக் கவனிக்காமல் சுவரை மட்டும் பூசினால், வருஷா வருஷம் தண்டச் செலவுதான்.

ஒரே ஊர்... இரண்டு மண்!

திண்டுக்கல் மலைக்கோட்டை பாறைமேல் நிற்கிறது. கீழே சமவெளியில் வீடு கட்டும் எல்லோருக்கும் அந்த யோகம் இல்லை. மாவட்டத்தில் செம்மண் பரவலாக இருந்தாலும், இடையிடையே கரிசல் வருகிறது. வயலாக இருந்து மனையான இடங்களில், மேலே கொட்டிய கிராவல் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். வாணம் தோண்டும்போதுதான் கரிசல் வெளியே வரும்.

கரிசலில் `மான்ட்மோரில்லோனைட்' என்ற களிமண் கனிமம் அதிகம். இது தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்திக்கு வரமாக இருக்கும் இந்தக் குணம்தான் வீட்டுக்குச் சோதனை.

மண் எல்லா இடத்திலும் ஒரே அளவு ஏறி இறங்கினால்கூடப் பெரிய பிரச்னை இல்லை. வீட்டுக்கு நடுவில் இருக்கும் மண்ணுக்கு வெயில் படாது; அங்கே ஈரம் தங்கிவிடும். வெளிச்சுவரை ஒட்டிய மண் கோடையில் காய்ந்து இறங்கும். நடுப்பகுதி அப்படியே இருக்க, ஓரங்கள் தொங்கிப்போகும். மழை பெய்ததும் ஓரம் மறுபடி உப்பும். இந்த இழுபறியைச் செங்கல் சுவரால் தாங்க முடியாது.

இதில் அதிகம் அடிபடுவது மாடி வீட்டைவிடச் சின்ன வீடுகள்தான். உப்பும் மண்ணை அழுத்திப் பிடிக்கும் எடை ஒற்றைத்தள வீட்டுக்குக் கிடையாது. போதாததற்கு, `சின்ன வீடுதானே' என்று கடைக்காலையும் ஆழம் குறைத்துப் போட்டிருப்போம். `கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் அரசு தரும் தொகை 3.5 லட்சம் ரூபாய். அப்படியொரு பட்ஜெட்டில் கட்டும் குடும்பம், சில வருடங்களிலேயே இன்னொரு லட்சத்தைப் பழுதுபார்க்க எடுத்து வைக்க முடியுமா?

எந்த விரிசல் என்ன சொல்கிறது?

எல்லா விரிசலும் கடைக்கால் பிரச்னை அல்ல. ஆளைக் கூப்பிடும் முன் நீங்களே ஒருமுறை பாருங்கள்.

* பூச்சில் வலைபோல மெல்லிய கோடுகள்: பூச்சு வேகமாகக் காய்ந்ததால் வருவது. பயம் வேண்டாம்.
* கூரைத் தளத்துக்குக் கீழே படுக்கைவாக்கில் நீளும் கோடு: வெயிலில் கான்கிரீட் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. மாடியில் வெப்பத் தடுப்பு செய்தால் குறையும்.
* பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடு: இரண்டு பொருள்களும் வெவ்வேறு அளவில் விரிவதால் வருவது.
* ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டு போல ஏறும் விரிசல்: இதுதான் மண் அசைவின் அடையாளம். மேலே அகலமாக இருந்தால் வீட்டின் ஓரம் இறங்குகிறது. கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி இறங்குகிறது என்று பொதுவாகச் சொல்லலாம்.
* பருவத்துக்கேற்ப இறுகும் கதவு, நடுவில் மேடு தட்டும் டைல்ஸ்: இவையும் மண் உப்புவதைக் காட்டுபவை.

ஒரு வருடம் கவனியுங்கள்

விரிசலின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதுங்கள். மாதத்தின் முதல் தேதியில், விரிசலின் மேல் ஒரு ஸ்கேலை வைத்து, அதே இடத்திலிருந்து செல்போனில் படம் எடுங்கள். விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டுவது பழைய முறை. கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். ஒரு கோடை, ஒரு மழை... இரண்டையும் பார்த்துவிட்டால், என்ஜினீயரிடம் காட்ட உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

அகலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த அளவுகோலின்படி, 1 மில்லிமீட்டர் வரை பெயின்ட் வேலையோடு முடிந்துவிடும். 5 மி.மீ வரை நிரப்பிப் பூசலாம். 5 முதல் 15 மி.மீ என்றால் கதவு, ஜன்னல் இறுகத் தொடங்கும். 15 மி.மீ-ஐத் தாண்டினால் சுவரின் சில பகுதிகளை இடித்துக் கட்ட வேண்டியிருக்கும்.

சில விஷயங்களுக்கு ஒரு வருடம் காத்திருக்கக் கூடாது. தூக்குக்குண்டு பிடித்தால் சுவர் சாய்ந்திருப்பது தெரிகிறது, பில்லரிலோ பீமிலோ விரிசல் விட்டுத் துருக்கம்பி வெளியே தெரிகிறது, சில நாள்களிலேயே விரிசல் அகலமாகிறது என்றால், உடனே ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயரை அழையுங்கள். அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

முதலில் தண்ணீர், பிறகு கடைக்கால், கடைசியில் சுவர்

நம்மில் பலர் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். செலவு குறைந்ததும் பலன் அதிகமானதும் தண்ணீர் வேலைதான்.

மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் சுவரோரத்தில் கொட்டுகிறதா? அதைத் தள்ளிக் கொண்டு போங்கள். சம்ப், செப்டிக் டேங்க், பாத்ரூம் குழாய் எதிலாவது கசிவு இருந்தால் அடையுங்கள். வீட்டைச் சுற்றி 1 மீட்டருக்குக் குறையாமல், வெளிப்பக்கம் சரிவாக சிமென்ட் தளம் போடுங்கள். வெயிலில் ஓரத்து மண் காய்வதையும், மழையில் ஊறுவதையும் இது குறைக்கும். சுவரை ஒட்டிப் பூச்செடி வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுவதைத் தவிருங்கள்.

அடுத்தது மரம். பெரிய மரம் கோடையில் மண்ணின் ஈரத்தை ஆழத்திலிருந்தே உறிஞ்சும். மரம் எவ்வளவு உயரம் வளருமோ, அவ்வளவு தூரம் தள்ளி நடுவது பாதுகாப்பு. அதற்காக வாசலில் நிற்கும் பழைய வேப்பமரத்தை அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். உறிஞ்ச ஆளில்லாமல் ஈரம் திரும்பிவந்து, மண் உப்பி, புது விரிசல் வரலாம். என்ஜினீயரைக் கேட்டு முடிவெடுங்கள்.

இவ்வளவும் செய்து, அடுத்த பருவத்திலும் அசைவு நிற்கவில்லை என்றால்தான் கடைக்காலில் கைவைக்க வேண்டும். `அண்டர்பின்னிங்' என்ற முறையில், பழைய கடைக்காலுக்கு அடியில் உறுதியான மண் வரை தோண்டி கான்கிரீட் நிரப்புவார்கள். ஒரே நேரத்தில் நீளமாகத் தோண்டக் கூடாது. ஏறக்குறைய 1 மீட்டர் நீளக் குழிகளாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டி, கான்கிரீட் இறுகிய பிறகே பக்கத்துக் குழிக்குப் போக வேண்டும். கூலிக்கு ஆள் விட்டுச் சுவரோரம் முழுக்க ஒரே நாளில் தோண்டினால், சுவரே சரியலாம். ஒரு மூலையை மட்டும் பலப்படுத்தினால், அது அசையாமல் நிற்க மீதி வீடு ஏறி இறங்கி, வேறோர் இடத்தில் விரிசல் விடும் ஆபத்தும் உண்டு.

அசைவு நின்ற பிறகுதான் சுவர் வேலை. செங்கல் இணைப்புகளைச் சுரண்டி, விரிசலின் குறுக்கே கம்பி வைத்துக் கலவையால் தைப்பது, கம்பி வலை அடித்துப் பூசுவது எல்லாம் அப்போதுதான் நிலைக்கும்.

புது வீடு கட்டப் போகிறீர்களா?

மண் பரிசோதனைக்குச் செய்யும் செலவு, வீட்டு பட்ஜெட்டில் சின்னத் தொகைதான். பொறியியல் கல்லூரிகளின் சிவில் ஆய்வகங்களிலும் விசாரிக்கலாம். அதில் ஒரு சோதனை மிக எளிமையானது. சலித்த காய்ந்த மண் 10 கிராம் வீதம் எடுத்து, ஒரு ஜாடியில் மண்ணெண்ணெயிலும் இன்னொன்றில் தண்ணீரிலும் 24 மணி நேரம் வைப்பார்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது, தண்ணீரில் உப்பும். மண்ணெண்ணெயில் 10 மில்லியாக நிற்கும் மண், தண்ணீரில் 16 மில்லியாக நின்றால் உப்பும் அளவு 60 சதவிகிதம். 50-ஐத் தாண்டினாலே மிக அதிகம் என்று கணக்கு.

அப்படிப்பட்ட மண்ணுக்கு, ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய `அண்டர் ரீம்டு பைல்' நல்ல தீர்வு. ஈரம் ஏறி இறங்கும் அடுக்கைத் தாண்டித் துளையிட்டு, அடியில் குமிழ் போல அகலப்படுத்திக் கான்கிரீட் போடுவார்கள். ஆழமான கரிசலில் குறைந்தது 3.5 மீட்டர் ஆழம் என்கிறது இந்தியத் தர விதி ஐ.எஸ். 2911. மேல் மண் எவ்வளவு உப்பினாலும், அடியில் இருக்கும் குமிழ் வீட்டைப் பிடித்து நிறுத்தும். பைல்களை இணைக்கும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவில் இடைவெளி விட்டார்களா என்று அவசியம் பாருங்கள். பேஸ்மட்டத்துக்குள் தோண்டிய கரிசலையே திரும்பக் கொட்டாமல், கிராவல் நிரப்பச் சொல்லுங்கள்.

இன்ஷூரன்ஸ் கைகொடுக்குமா?

2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள `பாரத் கிரஹ ரக்‌ஷா' வீட்டு பாலிசியில் நிலம் உள்வாங்கும் பாதிப்புக்கு இழப்பீடு உண்டு. ஆனால், வழக்கமான விரிசல், புதுக் கட்டடம் அமர்வது, குறைபாடுள்ள வடிவமைப்பு போன்றவை அதில் சேராது. ரியல் எஸ்டேட் சட்டத்தின் கீழ் பதிவான குடியிருப்பில் வாங்கியிருந்தால், சாவி வாங்கிய 5 வருடங்களுக்குள் வரும் கட்டமைப்புக் குறைகளை விற்றவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அதற்கும் தேதி போட்ட படங்கள் உதவும். சொந்த மனையில் நாமே கட்டிய வீட்டுக்கு, செலவு நம் தலையில்தான்.

அதனால், அடுத்த முறை சுவரில் சாய்வாக விரிசல் தெரிந்தால், பட்டி வாங்கக் கடைக்குப் போகும் முன் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே கசிகிறது, எந்தப் பக்கம் மண் வெடித்திருக்கிறது என்று பாருங்கள். பழுதுபார்க்கும் வேலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.