கைப்பிறேக்கு தளர்ந்தால்

மலைநாட்டுச் சரிவில் நிறுத்திய மோட்டார் வண்டியைத் தாங்கி நிற்பது கைப்பிறேக்கு. அது தளர்ந்ததும் பலர் கம்பிவடத்தை முறுக்கி இறுக்கிவிடுகின்றனர். முதலிற் செய்யத்தக்கது அதுவன்று.

1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் வண்டியை உதாரணமாகக் கொள்ளலாம். கைப்பிடியை இழுத்தால், இரு கம்பிவடங்கள் பின்சக்கர டிரம்களுக்குள் இருக்கும் பிறேக்குக் கட்டைகளை விரித்து அழுத்துகின்றன. காற்பிறேக்கும் அதே கட்டைகளையே இயக்குகின்றது. ஆதலின், அவை தேயத்தேய இடைவெளி பெருகிக் கைப்பிடி மேன்மேலும் உயர்கின்றது. தேய்ந்தது கட்டை, பழியோ வடத்திற்கு!

சமதரையில் முன்சக்கரங்களுக்குக் கல் அணைத்து, பின்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி உறுதியாகத் தாங்கவைத்து, கைப்பிறேக்கை விடுவித்தல் வேண்டும். பின்சக்கர மூடியைக் கழற்றினால் துளைவழியே தெரியும் திருகைச் சக்கரம் நிற்கும்வரை திருப்பி, அது தடையின்றிச் சுழலுமளவுக்குச் சற்றே தளர்த்துதல் வேண்டும். அதன் பின்னும் கைப்பிடி மிக உயர்ந்தாலே வடத்தை இறுக்கலாம். அளவு மீறினால் கட்டைகள் ஓயாது உராய்ந்து டிரம் சூடேறும்.

ஒரு சக்கரம் மட்டும் பிடித்தால், மற்றதன் வடம் துருவேறி இறுகியிருக்கலாம். கைப்பிடி அதிகம் உயராதிருந்தும் வண்டி நழுவினால், கட்டையில் எண்ணெய் படிந்திருக்கலாம். கசிவை நிறுத்திக் கட்டையை மாற்றுவதே பரிகாரம். பழைய கட்டைகளிற் கல்நார் இருக்கக்கூடும், தூசியை ஊதலாகாது.

திருத்திய வண்டியை ஆளரவமற்ற சிறு சரிவிற் சோதித்தல் நன்று. மலைவீதியில் அது நழுவினால், ஆபத்து வண்டிக்கு மட்டுமன்று. கீழே நடந்து வருபவருக்குமாம்.